பிராண்டிஸ் பெருமகனாரும் ஊர்க்காடும்

ஒரு நாட்டிற்கு அரணாவன இவையெனக் கூறப் புகுந்த திருவள்ளுவனார், நீர், நிலம், மலை ஆகியவற்றோடு நிழலடர்ந்த காட்டையும் சேர்த்து எண்ணினார். குறிஞ்சியென்றும் முல்லையென்றும் நிலத்தைப் பகுத்துப் பாடிய சங்கப் புலவர், காட்டை மக்களில்லா வெற்றிடமாகக் கண்டாரல்லர். ஆங்குத் தினை விளைப்போரும், தேனெடுப்போரும், ஆநிரை மேய்ப்போரும் வாழக் கண்டனர். காடும் குடியும் ஒன்றையொன்று பற்றி நிற்பன என்பது நம் முன்னோர்க்குப் புதிய செய்தியன்று. ஆயினும், காட்டைக் காப்பதற்குக் குடிகளை விலக்குதல் வேண்டுமோ, அன்றிக் குடிகளையே காவலர் ஆக்குதல் வேண்டுமோ என்னும் வினா நூற்றைம்பது ஆண்டுகளாக நம் நாட்டில் ஓயாது எழுந்து வருகின்றது. இந்திய அரசாங்கத்துக் காட்டுத் துறையை நிறுவிய முதற் றலைவரே இவ்வினாவிற்கு ஒரு விடை கூறினார் என்பதையும், அவ்விடை ஏற்கப்படாது போயிற்று என்பதையும் அறிந்தோர் சிலரே. அப்பெரியார் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

பிறப்பும் கல்வியும்

டீட்ரிக் பிராண்டிஸ் 1824-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 31-ஆம் நாள், ஜெர்மானிய நாட்டில் ரைன் ஆற்றங்கரையிலுள்ள பான் நகரிற் பிறந்தார். அவர் தந்தையார் அந்நகரப் பல்கலைக் கழகத்தில் மெய்ந்நூற் பேராசிரியர். தந்தையார் கிரேக்க மன்னருக்குத் துணையாகச் சில ஆண்டு ஏதென்ஸ் நகரில் வாழ்ந்தமையால், மைந்தரின் இளமைப் பருவத்தில் ஒரு பகுதி ஆங்குக் கழிந்தது. பின்னர்க் கோபன்ஹேகன், கெட்டிங்கன், பான் ஆகிய இடங்களிற் பயின்று செடிநூலிற் சிறந்து, 1848-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டிலேயே பான் பல்கலைக் கழகத்தில் விரிவுரையாளரானார். காட்டுத் தொழிலை அவர் எக்கல்லூரியிலும் முறையாகக் கற்றவரல்லர். நூலறிவையும் கண்ணறிவையும் கொண்டே அத்தொழிலைத் தாமே அமைத்துக்கொண்டார்.

புத்தகச் சாலையில் வாழ்நாளைக் கழித்திருக்கக் கூடிய அவரைக் கீழ்நாட்டிற்கு ஈர்த்தது அவர்தம் திருமணம் எனலாம். 1854-இல் அவர் மணந்த இராக்கேல் அம்மையார், வங்காளத்துச் சீராம்பூரில் கேரி, வார்டு என்பாரோடு இணைந்து தொண்டாற்றிய யோசுவா மார்ஷ்மன் பாதிரியாரின் மகளார். சீராம்பூர் மருத்துவரும் செடிநூலறிஞருமான வாய்க்ட் என்பாரின் கைம்பெண். அவ்வம்மையாரின் உடன்பிறந்தாளை மணந்தவர் படைத்தலைவர் ஹாவ்லாக். அவர் பரிந்துரையால் பிராண்டிஸின் பெயர் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபுவின் செவிக்கு எட்டிற்று. காட்டுக் காவலைப் பற்றி 1855-இல் ஒரு திட்டம் வகுத்திருந்த டல்ஹௌசிக்கு, அதனை நிறைவேற்றத் தக்கார் ஒருவர் வேண்டியிருந்தது. முப்பத்தோராம் அகவையில் பிராண்டிஸ் அப்பணியை ஏற்றுக் கப்பலேறினார்.

பர்மாவில் தேக்கு எண்ணியது

1852-இல் நிகழ்ந்த போரின் முடிவிலே பர்மாவின் பெகு நாடு ஆங்கிலர் கைக்கு வந்திருந்தது. அந்நாட்டுத் தேக்கு, கப்பல் கட்டுதற்கு நிகரற்றதென உலகெங்கும் பெயர் பெற்றது. தேக்கு மரம் பச்சையாய் இருக்கையில் நீரில் அமிழ்ந்துவிடும். ஆதலின், அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும் வளையமாக வெட்டி, மரத்தை நின்ற நிலையிலேயே சாகவிட்டு, ஆண்டு சில கழித்து அது காய்ந்த பின்னரே வீழ்த்துவர். யானைகள் அதனை ஓடைக்கு இழுத்துச் செல்லும். மழைவெள்ளம் அதனை மிதக்கவிட்டுத் துறைமுகம் சேர்க்கும். இவ்வாணிகத்திற் பெரும்பொருள் ஈட்டிய இரங்கூன், மௌல்மீன் வணிகர்கள், எம்மரத்தை எப்பொழுது வெட்டலாம் என வரையறுக்க வந்த புதியவரை அன்போடு வரவேற்றாரல்லர்.

1856-ஆம் ஆண்டு தொடக்கத்தில் பர்மா வந்த பிராண்டிஸ், வாதத்தில் இறங்காது எண்ணத் தொடங்கினார். காட்டில் எத்தனை மரம் உளவென அறியாது எத்தனை வெட்டலாமென எங்ஙனம் கூறுவது? யானைமீது அமர்ந்து, கையிற் சில குச்சிகளையும் கத்தியையும் கொண்டு, மலைத்தொடர்களின் வழியே நாள்தோறும் சென்றார். பாதையின் இருபுறத்தும் குறித்த தொலைவிற்குட் காணும் தேக்கு ஒவ்வொன்றிற்கும், அதன் சுற்றளவிற்கேற்ற குச்சியில் ஒரு வெட்டுக்குறி இடுவார். தாளும் மையும் மழையில் நனைந்து கெடினும் குச்சியிலிட்ட குறி கெடாது. மரங்களை முதிர்ந்தன, நடுத்தரத்தன, இளையன, கன்றுகள் என நான்காக வகுத்து, நடுத்தர மரங்கள் முதிர்ந்தவற்றின் நிலையை எய்த எத்துணை ஆண்டு செல்லும் எனவும் கணக்கிட்டார். அத்துணை ஆண்டுகளுக்கும் முதிர்மரங்களைப் பங்கிட்டு, ஓராண்டிற்குரிய பங்கினை மட்டுமே வெட்டவிட்டார். முதலைத் தொடாது வட்டியை மட்டும் உண்ணும் செட்டாளர் வழி இதுவே. வெப்பநாட்டுக் காட்டியலின் தந்தையென அவரை உலகம் போற்றுதற்கு அடிப்படை ஈண்டு அமைந்தது.

கரேன் மக்களும் தாங்யாவும்

பெகு மலைகளில் வாழ்ந்த கரேன் மக்கள் ஒவ்வோராண்டும் ஒரு காட்டுத் துண்டைத் திருத்தி, எரித்து, சாம்பலில் நெல்லும் பருத்தியும் விதைத்துப் பயிர்செய்து, பின்னர் வேறிடம் பெயர்வர். மலைப்புனம் எனப் பொருள்படும் தாங்யா என்னும் சொல்லால் இதனை வழங்குவர். நம் நாட்டு மலைவாணர் செய்த புனத்தொழிலும் இத்தகையதே. இத்தொழில் தேக்கினை அழிக்கின்றதென அதிகாரிகள் வெகுண்டனர். பிராண்டிஸும் இதனை விரும்பினாரல்லர். காட்டைச் சட்டத்தால் அடைத்தபோது கரேன் மக்கள் எதிர்த்தனர். வழக்குகள் பல எழுந்தன.

பின்னர்ப் பிராண்டிஸ் வேறொரு வழி கண்டார். புனத்தில் நெல் விதைக்கும்பொழுதே தேக்கின் விதையையும் வரிசையாக ஊன்றுமாறு அம்மக்களைக் கேட்டார். களை பறிப்பதும் தீயினின்று காப்பதும் நெல்லுக்காகவே நிகழ்வன. அவற்றால் தேக்கங்கன்றும் வளரும். உழவர் வேறிடம் பெயருங்கால், உயிரோடு நிற்கும் கன்றுகளை எண்ணி அவற்றிற்கு ஊதியம் அளிக்கப்படும். அழிப்போரெனப் பழிக்கப்பட்ட மக்களே நடுவோராயினர். இம்முறை பர்மாவிற் பரவிப் பின்னர் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பல நாடுகளை எய்திற்று.

ஆயினும் ஒன்றை மறைத்தலாகாது. நட்டவர் கரேன் மக்களாயினும் மரம் அரசாங்கத்தினுடையதே. கன்றிற்குக் கூலி கிடைத்ததன்றி, வளர்ந்த காட்டில் அவர்க்கு உரிமை கிடைத்திலது. கூலியும் உரிமையும் ஒன்றல்ல என்பதைப் பிற்காலத்திலே பிராண்டிஸ் நன்குணர்ந்தார் என்று கருத இடமுண்டு.

இந்தியக் காட்டுத் துறை

1862-இல் இந்திய அரசாங்கம் அவரைக் கல்கத்தாவிற்கு அழைத்தது. 1863-இல் இராக்கேல் அம்மையார் காலமாயினார். 1864-இல் பிராண்டிஸ் இந்தியா முழுமைக்கும் முதற் காட்டுத் தலைமைக் கண்காணிப்பாளராக நியமிக்கப்பெற்றார். ஏறக்குறைய இருபதாண்டு அப்பதவி வகித்தார்.

அக்காலத்தில் காட்டின் பெரும்பகை இருப்புப்பாதையே. அவர் பர்மா சேர்ந்த 1856-ஆம் ஆண்டிலேதான் சென்னை மாகாணத்தின் முதற் புகைவண்டி இராயபுரத்தினின்று வாலாஜாப்பேட்டைப் பக்கம் ஓடிற்று. பாதையின் ஒரு மைலுக்கு 1,760 முதல் 2,000 வரை குறுக்குக்கட்டைகள் வேண்டும். மரக்கட்டைகள் சில ஆண்டுகளில் உளுத்துப்போதலின் அவற்றை மீண்டும் மாற்றுதல் வேண்டும். வட ஆர்க்காட்டு மலைக்காடுகள் முதலியன இங்ஙனம் கோடரிக்கு இரையாயின. குடிகள் தலைச்சுமையாகக் கொண்டுசென்ற விறகு, குத்தகைக்காரர் வண்டி வண்டியாகக் கொண்டுசென்ற மரத்தின்முன் எம்மாத்திரம்?

பிராண்டிஸ் குதிரைமீதும் கால்நடையாகவும் இமயச் சாரலினின்று தென்கோடி வரை சுற்றினார். தம் நாட்டினின்று ஷ்லிக், ரிப்பன்டிராப் என்னும் அறிஞர் இருவரை வருவித்துத் துணைக்கொண்டார். 1878-இல் டேராடூனில் காட்டியற் பள்ளி தோன்றியது அவர் முயற்சியால். வடமேற்கு இந்தியாவிலும் நடு இந்தியாவிலும் உள்ள காட்டுச் செடிகளைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1874-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு இலண்டன் இராயல் சங்கத்தார் அவரை உறுப்பினராக ஏற்றனர்.

கோயிற்காடுகள் கற்பித்த பாடம்

இச்சுற்றுப்பயணங்களில் அவர் மரங்களோடு மக்களையும் நோக்கினார். காசி மலைகளிலும், குடகு நாட்டிலும், அக்காலத்துச் சேலம் மாவட்டத்தைச் சார்ந்த ஏலகிரி, சவ்வாது, சேர்வராயன் மலைகளிலும் ஊரார் தெய்வத்தின் பெயரால் வெட்டாது விட்ட சோலைகளைக் கண்டார். இராஜபுத்தானத்துச் சிற்றரசர் சிலர் காத்துவந்த காடுகளையும் கண்டார். இவற்றிற்குச் சட்டமுமில்லை, காப்பாளருமில்லை, ஆயின், சுற்றியுள்ள நிலம் மொட்டையாகிய இடங்களிலும் இவை தழைத்து நின்றன. கோயிற்காடுகளைக் குறித்து நூல்களில் மிகச் சிறிதே எழுதப்பட்டுள்ளதென வருந்தி, அவற்றைப் பிற்காலத்தில் 1897-இல் எழுதிப் பதிவு செய்தார்.

தம் பிறந்த நாட்டையும் அவர் மறந்தாரல்லர். ஜெர்மனி, பிரான்சு முதலிய நாடுகளிலே ஊர்ச் சபைகளுக்குச் சொந்தமான காடுகள் பல நூற்றாண்டாக நன்கு வளர்ந்து, ஊராருக்கு விறகும் வருவாயும் அளித்து வந்தன. ஐரோப்பியக் குடியானவனுக்கு இயலும் செயல் இந்தியக் குடியானவனுக்கு ஏன் இயலாது? இவ்வினா அவர் உள்ளத்தில் வேரூன்றிற்று.

சட்டப் போர்

1870-ஆம் ஆண்டுகளில் புதியதோர் காட்டுச் சட்டம் இயற்றும் முயற்சி நடந்தது. பேடன்-பவல் என்னும் பஞ்சாப் அதிகாரி ஒரு கட்சிக்குத் தலைமை பூண்டார். எழுத்து மூலமான சான்றில்லாத நிலமெல்லாம் அரசனுடையது. குடிகள் காட்டிற் புல்லறுத்ததும் விறகெடுத்ததும் அரசன் காட்டிய சலுகையேயன்றி உரிமையன்று. சலுகையை வேண்டும்போது மீட்டுக்கொள்ளலாம் என்பது அவர் கொள்கை. பிராண்டிஸ் இதனை மறுத்தார். தலைமுறை தலைமுறையாகப் பயின்றுவந்த வழக்கமே உரிமையாகும். எழுத்தில்லை என்பதனால் அது பொய்யாகாது. அதனை ஆராய்ந்து பதிவுசெய்தலே அரசின் கடமை என்றார். நாட்டிற்கு இன்றியமையாத காடுகளை அரசு வைத்துக்கொள்க. ஊரைச் சார்ந்த காடுகளை ஊரார் வசம் விடுக. அவர் தமக்குத்தாமே விதி செய்து காக்கும் வண்ணம் துணைபுரிக என்பது அவர் காட்டிய வழி.

1878-இல் சட்டம் நிறைவேறிற்று. ஒதுக்கப்பட்ட காடு, காப்புக் காடு, ஊர்க்காடு என மூவகை அதில் இடம்பெற்றன. முதல் வகையில், அனுமதிக்கப்பட்டவை தவிர யாவும் குற்றம். இரண்டாம் வகையில், விலக்கப்பட்டவை தவிர யாவும் ஆகும். மூன்றாம் வகையே பிராண்டிஸின் கனவு. ஆனால் முதல் வகை ஆண்டுதோறும் பெருகிற்று. மூன்றாம் வகை பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. அரசாங்கத்திற்கு வருவாயும் கட்டையும் வேண்டியிருந்தன. குடிகள்பால் நம்பிக்கை இருந்திலது.

சென்னை மாகாணத்தின் நிலை சற்று வேறு. காட்டில் ஊரார்க்கு உரிமையுண்டென இம்மாகாணத்து வருவாய் அதிகாரிகளே வாதாடியமையின் அச்சட்டம் ஈண்டுச் செல்லவில்லை. பிராண்டிஸ் 1881-இல் இங்கு வந்து தங்கிக் காடுகளைப் பார்வையிட்டார். 1882-இல் சென்னைக் காட்டுச் சட்டம் பிறந்தது. 1883-இல் அவர் அளித்த அறிக்கையில், விறகு, புல், தழையுரம் ஆகியவற்றிற்கு ஊர்தோறும் காடு அமைய வேண்டுமென வற்புறுத்தினார். அவ்வாண்டே பணியினின்று ஓய்வு பெற்றார். அறிக்கை நூல்நிலையம் புகுந்தது. காடு அதிகாரிகள் கையில் நின்றது.

அந்திக் காலம்

ஓய்வென்பது அவருக்குப் பெயரளவே. பான் நகர் திரும்பி, இந்தியப் பணிக்குச் செல்லவிருந்த ஆங்கில மாணவர்களை ஐரோப்பியக் காடுகளுக்கு அழைத்துச்சென்று பயிற்றினார். 1887-இல் சர் பட்டம் பெற்றார். அமெரிக்க நாட்டுக் காட்டுத் துறையைப் பின்னாளில் நிறுவிய கிப்போர்டு பின்ஷோ அவரிடம் அறிவுரை பெற்றவர்களுள் ஒருவர். இந்திய மரங்களைப் பற்றிய தம் இறுதிப் பெருநூலை 82-ஆம் அகவையில், 1906-இல் வெளியிட்டார். 1907-ஆம் ஆண்டு மே மாதம் 28-ஆம் நாள், பிறந்த நகரிலேயே உயிர்நீத்தார்.

அவர் கூறியது நிகழ்ந்தது

பிராண்டிஸின் சொல்லைக் கேளாமையால் நேர்ந்தது யாது? குடிகளுக்குக் காடு அயலாயிற்று. கோதாவரி மலைப்பக்கத்தில் 1922 முதல் 1924 வரை நிகழ்ந்த இரம்பா எழுச்சிக்குக் காட்டுச் சட்டத்தின் கொடுமையும் ஒரு காரணம். இமயத்துக் குமாவுன் பகுதியில் 1921-ஆம் ஆண்டு அரசாங்கத்தின் பைன் காடுகள் பரந்த அளவில் தீக்கிரையாயின. ஆனால் ஊராருக்குத் தழையும் விறகும் தரும் ஓக் மரக் காடுகள் பெரும்பாலும் எரிக்கப்படவில்லை. தமதெனக் கருதியதை மக்கள் காத்தனர். பறிக்கப்பட்டதென எண்ணியதை எரித்தனர். அரசு பாடம் கற்று, 1931-இல் ஊர்க் காட்டுப் பஞ்சாயத்துகளுக்கு விதி வகுத்தது. அவை உத்தரகண்ட மாநிலத்தில் இன்றும் ஆயிரக்கணக்கில் உள்ளன. செயற்கைக்கோட் படங்களைக் கொண்டு அப்பகுதிக் காடுகளை அளந்து 2009-இல் வெளியான ஆராய்ச்சியொன்று, ஊரார் காத்த காடுகள் அரசாங்கக் காடுகளினும் தாழ்ந்தனவல்ல என்றும், அவற்றைக் காக்கும் செலவு மிகக் குறைவென்றும் காட்டிற்று.

வங்காளத்து மேதினிபுரப் பகுதியிலுள்ள ஆராபாரியில் நிகழ்ந்ததும் நினைக்கத்தக்கது. ஆங்குச் சாலமரக் காடு வெட்டுண்டு அடிக்கட்டைகளாய்க் கிடந்தது. 1972-ஆம் ஆண்டளவில் காட்டு அதிகாரியொருவர் சுற்றியுள்ள ஊராரை அழைத்து, வேலையும், மலிந்த விலைக்கு விறகும், காடு வளர்ந்தபின் விற்பனையில் நான்கிலொரு பங்கும் தருவதாக உடன்பட்டார். ஊரார் வெட்டையும் மேய்ச்சலையும் நிறுத்தினர். சாலமரத்தின் வேர் சாகாதிருந்தமையால் அடிக்கட்டைகள் துளிர்த்தன. நடாமலே காடு எழுந்தது. இதனை முன்மாதிரியாகக் கொண்டு 1988-ஆம் ஆண்டுக் காட்டுக் கொள்கையும் 1990-ஆம் ஆண்டுக் கூட்டுக் காட்டு மேலாண்மைத் திட்டமும் தோன்றின. தமிழ்நாட்டில் 1997-இல் தொடங்கிய காடு வளர்ப்புத் திட்டத்தில் கிராம வனக் குழுக்கள் அமைந்தன. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், சலுகையென ஒதுக்கப்பட்டதை உரிமையென ஏற்றது. பிராண்டிஸ் வாதிட்டுத் தோற்ற கொள்கை ஏறத்தாழ 130 ஆண்டு கழித்து வென்றது.

குடிகள் சேரின் காடு தழைத்தற்குக் காரணம் மறைபொருளன்று. பத்து ஊருக்கு ஒரு காப்பாளன் இருப்பான். ஊருக்கோ நூறு கண்கள் உண்டு. தீப்பற்றின், செய்தி அலுவலகம் எட்டுமுன் ஊரார் ஓடி வருவர். எவ்வோடைக் கரையில் எக்காலத்தில் மேய்ச்சலை நிறுத்துவது என அவர் அறிவர். இவ்வாண்டு பொறுத்தால் அடுத்த ஆண்டு நமக்கே என்னும் உறுதி இருப்பின் பொறுப்பர்; அவ்வுறுதி இல்லையெனில், இன்றே வெட்டுவதே அறிவென எவனும் கருதுவான்.

ஆயின் குழுவென்று பெயரிட்ட அளவில் காடு தழைத்துவிடாது. அதிகாரியின் சொல்லுக்குத் தலையசைக்கும் குழுவும், ஊர்ப் பெரியதனக்காரர் சிலரே ஆளும் குழுவும் பயன்தாரா. நாள்தோறும் விறகெடுக்கச் செல்லும் ஏழைப் பெண்டிரைக் கேளாது காட்டை அடைத்த இடங்களில், அவர் சுமையே பெருகிற்று. தொலைவிலுள்ள வேறு காடு அழிந்தது.

முடிவுரை

பிராண்டிஸை யாம் குற்றமற்றவரெனக் கூறவில்லை. காட்டைக் குடிகளிடமிருந்து பிரித்த துறையைக் கட்டியவரும் அவரே. மலைவாணரின் தீயைப் பகையென்றே எண்ணினார். தீயை முற்றிலும் விலக்கிய ஈரமிக்க தேக்குக் காடுகளில், மூங்கிலும் புதரும் மண்டி இளந்தேக்கு முளைப்பது அரிதாயிற்றெனப் பின்வந்த அதிகாரிகள் கண்டனர். கற்றாரிடத்தும் கல்லாரிடத்திற் கற்க வேண்டியது எஞ்சி நிற்கும் என்பதற்கு இது சான்று. எனினும், அதிகாரத்தின் உச்சியில் அமர்ந்திருந்தும், எழுத்தறியாக் குடியானவனின் வழக்கம் உரிமையே என வாதாடிய நேர்மை எளிதிற் காண்டற்கரியது. அவ்வாதத்தில் தோற்றும், அவர் அதனைக் கைவிட்டாரல்லர்.

ஏலகிரிக்கும் ஏற்காட்டிற்கும் விடுமுறையிற் செல்லும் நம் கல்லூரி மாணவர், ஆங்கு ஊரெல்லையில் தெய்வத்தின் பெயரால் நிற்கும் சோலையைக் காணின், அதனை அறியாமையின் எச்சமென இகழாது சற்றே நிற்பாராக. வெள்ளையர் பேரரசின் முதற் காட்டதிகாரி அச்சோலைகளின்முன் மாணாக்கனாய் நின்றார். அவர் கற்ற பாடத்தை நாடு கேட்டிருப்பின், இன்று நாம் காணும் மொட்டைக் குன்றுகளிற் பல பசுமையாய் இருந்திருக்கும். காடு எவருடையது என்னும் வினாவிற்கு நாம் கூறும் விடையைப் பொறுத்தே, நம் மக்கள் காலத்தில் காடு உண்டா இல்லையா என்பது அமையும்.